கயல் என்னை உள்ளே விடாத இரவுகள்

1

என் மகள் ராத்திரியில் என்னை அவள் அறைக்குள் விடுவதில்லை. பெயர் கயல். வயது இரண்டேகால். நானோ ஆறடி ஆள். பாரிஸுக்கு வடக்கே ஒரு கிடங்கில் விமானச் சாப்பாட்டு வண்டிகளைத் தள்ளித் தள்ளி இரண்டு தோளும் கல்லாகிப் போனவன். தினமும் இரண்டு மணிக்கு அவள் எழுந்து அழுகிறாள். நான் கதவைத் திறந்தால் அழுகை அலறலாகிறது. கட்டிலின் மூலையில் ஒண்டிக்கொண்டு கையை முகத்துக்கு முன்னால் தூக்கி வைத்துக்கொள்கிறாள். அந்தக் கையைப் பார்த்ததும் நான் கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுகிறேன். இன்றோடு ஐம்பத்திரண்டு நாள்.

ஊரில் இருப்பவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஏனென்றால் புதுச்சேரியில் என்னைப் பற்றி இரண்டு கதை ஓடுகிறது. முதல் கதை, பிரான்சுக்குப் போய்த் திமிர் ஏறிப் பெற்ற அப்பனையே அடித்தவன் என்பது. இரண்டாவது கதை என் அப்பாவே எல்லாரிடமும் சொல்வது: படியில் வழுக்கி விழுந்தேன் என்று. இரண்டாவது சுத்தப் பொய். முதலாவது உண்மை, ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதி இன்னும் அசிங்கமானது. அதை வேறு யாரும் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

2

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், எங்கள் வீட்டில் குழந்தையைத் தூங்க வைக்கிற ஆளே நான்தான். என் மனைவி தேவி தவளக்குப்பத்துக்காரி. அவளுடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் அவர்கள் வீட்டை இன்றும் ‘சொல்தா வீடு’ என்றுதான் சொல்வார்கள். அந்தக் குடும்பத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு; அவளைக் கட்டிக்கொண்டதால்தான் எனக்கு இந்த நாடு கிடைத்தது. அவளுக்கு முதியோர் விடுதியில் இரவு வேலை. ஆக, இரண்டு மணி அழுகை என் பங்கு.

முதல் சில மாதங்கள் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. அதிகாலை நாலரைக்கு அவள் அம்மா வந்ததும் நான் வேலைக்குக் கிளம்ப வேண்டும். கயல் இரண்டு மணிக்கு எழுந்து மூன்றரை வரை கத்துவாள். தூக்கினால் நிறுத்துவாள், கீழே வைத்தால் ஆரம்பிப்பாள். ஒரு ராத்திரி அவளைக் கட்டிலில் வைத்துவிட்டு வெளியே வந்து குளியலறைக் கதவில் ஓங்கி ஒரு குத்து விட்டேன்.

ஊரில் எல்லாரும் செய்வதுதான் இது. கோபம் வந்தால் சுவரில் குத்துவோம். செங்கல் சுவர், கை வீங்கும், கோபம் இறங்கும், கதை முடிந்தது. இந்த ஊர்க் கதவு வெறும் அட்டை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. முழங்கை வரை உள்ளே போய் மாட்டிக்கொண்டது. காலையில் தேவி வந்துதான் கதவுச் சில்லுகளை ஒவ்வொன்றாக உடைத்துக் கையை வெளியே எடுத்தாள். அதுவரை குழந்தை அந்தப் பக்கம் அழ, நான் இந்தப் பக்கம் கதவோடு நின்றேன்.

காப்பீட்டுப் படிவத்தில் ‘சேதத்தின் காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. பலமான காற்று என்று எழுதினேன். பார்வையிட வந்த ஆள் ஓட்டையைப் பார்த்தார், தன் முஷ்டியை மடக்கி அதில் வைத்துப் பார்த்தார், பிறகு என் கைக்கட்டைப் பார்த்தார். “ரொம்பப் பலமான காற்றுதான், மிஸ்யே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். படிவம் நிராகரிக்கப்பட்டது.

கதவு உடைந்த அன்றைக்கே தேவி என்னைக் குழந்தைநல மையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே இருந்த நர்ஸ் சிரிக்கத் தெரியாத அம்மாள். என் கைக்கட்டைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் சொன்னாள்: “நீங்கள் அவளைத் தூங்க வைக்க முடியாது. தூங்குவது அவள் வேலை. பக்கத்தில் இருப்பது மட்டும்தான் உங்கள் வேலை.” விளக்குப் போடாதே, தூக்காதே, நெஞ்சில் உள்ளங்கையை வை, அழுத்தாதே, தினமும் ஒரே வாக்கியத்தை ஒரே குரலில் சொல், பிறகு வாயை மூடிக்கொண்டு இரு. அவ்வளவுதான் பாடம்.

என் வாக்கியம் இது: “கயலு, ராத்திரி. அப்பா இருக்கேன்.” முதல் நாள் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. பல்லைக் கடித்துக் கடித்து எனக்குத் தாடை வலித்தது. கையை மெத்தென்று வைத்திருப்பது மூட்டை தூக்குவதைவிடக் கஷ்டம் என்று அன்று தெரிந்துகொண்டேன். நாற்பது நாளில் அது ஐந்து நிமிடமாகக் குறைந்தது. என் கை பட்டதும் அவள் மூச்சு இறங்கும். அந்த ஐந்து நிமிடத்தைப் போல வேறெதற்கும் நான் பெருமைப்பட்டதில்லை. பெருமை கொஞ்சம் தலைக்கும் ஏறியது.

3

என் அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. முதலியார்பேட்டையில் வாடகை வீட்டில் இருந்தோம். அவர் மில்லில் தறி ஓட்டினார். பகல் ஷிப்ட் வாரங்களில் ராத்திரி வீட்டில் இருப்பார். அந்த வாரங்கள்தான் எங்களுக்குப் பயம்.

சாராயம் குடித்துவிட்டுப் படுத்தவரை எழுப்பிவிட்டால் தீர்ந்தோம். அழுகிற பிள்ளையை ஒரு கையால் தூக்கி, வாசல் கதவைத் திறந்து, தெருவில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும். உள்ளே அவர் திரும்பப் படுக்கும் பாயின் சத்தமும் கேட்கும். தெருவில் நாய்கள் படுத்திருக்கும். அழுகையை நிறுத்தினால்தான் கதவு திறக்கும் என்பது சட்டம். நானும் என் தம்பி சேகரும் அப்படித்தான் தூங்கக் கற்றுக்கொண்டோம்.

ஒருமுறை சேகரை வெளியே வைத்தபோது அம்மா தாழ்ப்பாளில் கை வைத்தாள். அவர் கதவோடு சேர்த்து அந்தக் கையை அடித்தார். மணிக்கட்டு உடைந்த சத்தத்தை நான் கேட்டேன். ஜெனரல் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதற்கு, குழாயடியில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றாள். அம்மா போய்ப் பதினான்கு வருடமாகிறது. கடைசிவரை அந்தக் கை நேராகவில்லை.

மில் மூடியது. நான் பிரான்சுக்கு வந்தேன். சேகர் மூலக்குளத்தில் வீடு கட்டி அப்பாவை வைத்துக்கொண்டான். நான் போனில் பேசுவேன். “நல்லா இருக்கியாப்பா, சாப்ட்டியாப்பா,” அவ்வளவுதான். அவர் குடியை விட்டுவிட்டார் என்று சேகர் ஒருமுறை சொன்னான். உடம்புக்கு முடியாமல் விட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். மேலே கேட்கவில்லை.

4

இந்த ஆடியில் விடுமுறை எடுத்துக்கொண்டு மூவரும் ஊருக்குப் போனோம். அப்பா கயலைப் பார்ப்பது அதுதான் முதல்முறை.

போன அன்றே கூடத்தில் உட்கார்ந்து நான் சட்டம் பேசினேன். “இந்த வீட்ல யாரும் கொழந்தய மெரட்டக் கூடாது. பூச்சாண்டி, போலீசு எதுவும் சொல்லக் கூடாது. ராத்திரி எழுந்தா நான் பாத்துக்குறேன், யாரும் தொடக் கூடாது.” சொல்லும்போது அப்பாவை மட்டும்தான் பார்த்தேன். அவர் இட்லியைப் பிட்டுக்கொண்டே, “சரிப்பா” என்றார். அந்த அடக்கம்கூட எனக்கு நக்கலாகப் பட்டது.

வீராம்பட்டினம் தேர் அன்று எல்லாரும் போனோம். வெயில், கூட்டம், மேளம், வெடி. கயல் காதைப் பொத்திக்கொண்டு தேவியின் கழுத்தைவிட்டு இறங்கவே இல்லை. திரும்பி வந்து நானும் சேகரும் மொட்டை மாடியில் பீர் குடித்தோம். இரண்டு என்று தேவியிடம் சொன்னேன், நான்கு. தேவி உள்ளறையில் படுத்தாள். கூடத்தில் கயலுக்குப் பக்கத்தில் பாயில் விழுந்தவன் செத்த மாதிரி தூங்கிவிட்டேன்.

என்னை எழுப்பியது குழந்தையின் அழுகை இல்லை. வாசல் கதவு சாத்தப்படும் சத்தம். பிறகு தாழ்ப்பாள். அதற்குப் பிறகுதான் வெளியே, தெருவில், கயலின் அழுகை.

நான் எத்தனை வயதாக எழுந்தேன் என்று எனக்குத் தெரியாது. கதவை இழுத்தேன், திறக்கவில்லை. வெளிப்பக்கம் தாழ் போட்டிருந்தது. உதைத்தேன். கெட்ட வார்த்தை எல்லாம் வந்தது. “தோ, தொறக்குறேன்டா, இருடா” என்று அப்பாவின் குரல். கதவு திறந்தது. அவருடைய தோளில் கயல் இருந்தாள். அவள் முதுகில் அவர் கை தட்டிக்கொண்டிருந்தது. இதெல்லாம் என் கண்ணுக்குத் தெரிந்தது. சத்தியமாகத் தெரிந்தது. ஆனால் கை அதற்குள் கிளம்பிவிட்டது.

தாடையில் விழுந்தது. எழுபத்தொரு வயது மனுஷன் வாசலின் மூன்று படிக்கும் அந்தப் பக்கம் போய் விழுந்தார். விழுகிற எவனும் கையை ஊன்றுவான். அவர் ஊன்றவில்லை. இரண்டு கையாலும் குழந்தையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தோளை இடித்து விழுந்தார். காறை எலும்பு இரண்டாக உடைந்தது. வாயிலிருந்து ரத்தமும் ஒரு பல்லும் வந்தது. குழந்தைக்கு ஒரு கீறல் இல்லை.

நான் குனிந்து கயலைத் தூக்கப் போனேன். அவள் என் முகத்தைப் பார்த்து அலறி, ரத்தம் வழிகிற அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

சேகர் ஓடி வந்து என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சாத்தி இரண்டு அறை விட்டான். பிறந்ததிலிருந்து என்னை “ண்ணா” என்று கூப்பிட்டவன். “இன்னாடா பண்ட்ட? எம் புள்ளைங்க ரெண்டையும் இப்டி வெளிய தூக்கினு போய்த் தட்டித்தான்டா தூங்க வெச்சாரு! அழுவுற சத்தத்துல நாங்க எழுந்துடக் கூடாதுன்னுதான்டா கதவச் சாத்துவாரு! காத்துல தொறந்துக்கும்னு தாழ் போடுவாரு! அவரு மாறி பத்து வருஷம் ஆச்சுடா. நீ எங்கடா இருந்த?”

எங்கே இருந்தேன்? முதலியார்பேட்டையில்தான் இருந்தேன். விமானம் ஏறி எட்டாயிரம் கிலோமீட்டர் போனவன் அந்தத் தாழ்ப்பாளையும் கையோடு எடுத்துப் போயிருக்கிறேன். ஊரில் இருந்தவர்கள் அவர் கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஆளானதைப் பார்த்தார்கள். எனக்கு நான் கிளம்பிய அன்றிருந்த அப்பாதான் அப்பா. வெளிநாட்டில் இருக்கிற நம்மில் பலருக்கு இந்த வியாதி உண்டு. எனக்கு அது கையில் வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி ஆச்சு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா பல் போன வாயால், “படியில வழுக்கி வுழுந்துட்டேன் சார்” என்றார். வெளியே போய் வாந்தி எடுத்தேன். பீர் என்று நர்ஸ் நினைத்திருப்பாள்.

5

திரும்பி வந்து பத்தாவது நாள் குழந்தைக் காப்பகத்தின் இயக்குநர் எங்களை வரச் சொன்னார். கயல் ஒரு துணிக் கரடியைத் தோளில் போட்டுத் தட்டுகிறாளாம். பிறகு திடீரென்று அதன் மூஞ்சியில் குத்திக் கீழே தள்ளி, “அப்பா” என்கிறாளாம். தினமும் செய்கிறாளாம். “அப்பா என்றால் என்ன?” என்று கேட்டார் அந்த அம்மாள். தெரிந்துகொண்டேதான் கேட்டார்.

எனக்குப் பிரெஞ்சு கிடங்கில் கற்றது. அங்கே எல்லாரும் எல்லாரையும் நீ, வா, போ என்றுதான் பேசுவோம். பதற்றத்தில் அந்த அம்மாளையும் நீ என்றே பேசிவிட்டேன். “நீ எழுதிக்கோ, நான் என் அப்பனை அடித்தேன், இவள் பார்த்தாள்” என்று என் வாயில் வந்தது. தேவி என் தொடையைக் கிள்ளினாள். அந்த அம்மாள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டு, எழுதிக்கொண்டார்.

எழுதியது சமூகநலத் துறைக்குப் போனது. ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். கட்டிலைப் பார்த்தாள், குளியலறைக் கதவில் இன்னும் மாற்றாத ஓட்டையைப் பார்த்தாள். குழந்தையைப் படுக்க வைப்பது எப்படி என்று செய்து காட்டச் சொன்னாள். நான் அறை வாசலுக்குப் போனேன். கயல் கையை முகத்துக்கு முன்னால் தூக்கினாள். “போதும்” என்றாள் அந்தப் பெண், அதையும் எழுதிக்கொண்டாள். ஆறு மாதம் கண்காணிப்பு. மாதம் ஒருமுறை வருவாள். நிலைமை மாறவில்லை என்றால் கோப்பு நீதிபதியிடம் போகும்; அவர் பிள்ளையை எங்களிடமிருந்து பிரித்துவிடலாம். பிள்ளையை வெளியே வைக்கிற நாட்டில் பிறந்து, பிள்ளையை வெளியே எடுத்துக்கொண்டு போகிற நாட்டில் வந்து மாட்டிக்கொண்டேன் என்று தேவியிடம் புலம்பினேன்.

அவள் அழுதுகொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “நாட்டை எதுக்குத் திட்டுறீங்க? நீங்க அடிச்சது உங்க அப்பாவ இல்ல. அன்னிக்கு அந்தக் கதவை நான் தொறந்திருந்தாலும் அடி எனக்குத்தான்.” அவள் சொன்னது சரி.

6

தேவி இரவு வேலையை மாற்றிக்கொண்டாள். வியாழக்கிழமை மட்டும் மாற்றித் தரவில்லை. வியாழன் ராத்திரி வீட்டில் நானும் கயலும்தான். என்னைக் கண்டால் நடுங்குகிற பிள்ளையும் அவளைத் தொட முடியாத நானும்.

வழி கண்டுபிடித்தவன் சேகர். எங்களுக்கு இரண்டு மணி என்றால் மூலக்குளத்தில் ஐந்தரை. அப்பா எழுந்துவிடுவார். வீடியோவில் கூப்பிடுவேன். அறைக் கதவை ஒரு சாண் திறந்து போன் பிடித்த கையை மட்டும் உள்ளே நீட்டுவேன். கை அளவுக்கு அவள் அனுமதித்தாள். தோளில் பட்டையும் வீங்கிய தாடையுமாக அப்பா திரையில் தெரிவார்.

“இன்னா கண்ணு, முழிச்சுக்கினியா? தாத்தாவும் முழிச்சுக்கினேன். தோ பாரு, பால்காரன் வரான். எதிர்வூட்டு அம்மா கோலம் போடுது. ஒரு புள்ளி வெச்சிட்டுச்சு. இன்னொரு புள்ளி...”

புள்ளிகளை எண்ணிக்கொண்டே போவார். அவள் தூங்கிவிடுவாள். கை மரத்துப் போனாலும் நான் அசைக்க மாட்டேன். அவரை அடித்த அதே கைதான்.

ஒரு வியாழன் அவள் தூங்கிய பிறகு போனைச் சமையலறைக்கு எடுத்துவந்து அவரிடம் கேட்டேன். “அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லி இருக்கலாம் இல்லப்பா? தூங்க வெக்கத்தான் தூக்கினு வந்தேன்னு?”

“எங்கடா சொல்ல வுட்ட?”

அவர் முகத்தைத் திரையிலிருந்து திருப்பிக்கொண்டு சொன்னார்: “அஞ்சு வயசுல உன்ன வெளிய வெச்சேன். ‘தண்ணி வேணும்னுதாம்ப்பா அழுதேன், தண்ணி குடுத்தா நிறுத்திடுறேம்ப்பா’ன்னு கதவத் தட்னு கெடந்த. நான் மட்டும் கேட்டனா?”

எனக்கு அது நினைவில் இல்லை. நாய்கள் நினைவிருக்கிறது, தாழ்ப்பாள் நினைவிருக்கிறது, தண்ணீர் கேட்டது சுத்தமாக நினைவில் இல்லை. அவர் அதை முப்பத்தைந்து வருடமாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். “மன்னிச்சிடுப்பா” என்றேன். “சரி, போய்ப் படு. வேலைக்குப் போவணும் இல்ல” என்று போனை வைத்துவிட்டார். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கும் அது வேண்டியிருக்கவில்லை.

நேற்று வியாழக்கிழமை. இரண்டு மணிக்கு அழுகை. அப்பாவைக் கூப்பிட்டேன், லைன் போகவில்லை. சேகரைக் கூப்பிட்டேன், போகவில்லை. அங்கே மழை என்று காலையில் செய்தியில் பார்த்தது ஞாபகம் வந்தது. மின்சாரம் போயிருக்கும், டவரும் போயிருக்கும். கயல் “தாத்தா, தாத்தா” என்று அலறிக் கட்டில் கம்பியை உதைத்தாள். கீழ்வீட்டுக்காரர் குச்சியால் கூரையை இடித்தார். எனக்கு ரத்தம் ஏறுவது தெரிந்தது. நெற்றிப்பொட்டில் அடித்துக்கொள்கிறதே, அது. ஒரு நொடி, எல்லாவற்றையும் உதைத்து உடைக்க வேண்டும் போல இருந்தது. அந்தக் கட்டிலையும்தான். பொய் சொல்ல மாட்டேன்.

கதவை முழுசாகத் திறந்துவிட்டு வெளியிலேயே நின்றேன். அவள் கை மேலே போனது.

“கயலு, ராத்திரி. அப்பா இருக்கேன்.”

“போ” என்றாள்.

வாழ்க்கையில் என்னை யாரும் போ என்று சொல்லி நான் சும்மா போனது கிடையாது. கிடங்கில் ஒருவன் சொல்லி அவன் மூக்கு உடைந்தது. ஓர் எட்டு பின்னால் வைத்தேன். “இங்க இருக்கட்டா?”

“போ.”

இன்னோர் எட்டு. “இங்க?”

“போ!” உதைத்தாள்.

குளியலறைக் கதவு வரை வந்தேன். கேட்டேன். போ என்றாள். சமையலறை வாசல் வரை வந்தேன். போ என்றாள். ஆனால் அலறல் போய்ச் சாதாரணக் குரலாகியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்பியைப் பிடித்து எழுந்து நின்று நான் எங்கே போகிறேன் என்று பார்த்தாள். நடையின் கோடிவரை வந்துவிட்டேன். அதற்கு மேல் போக இடமில்லை, முதுகில் வெளிக்கதவு. அங்கேதான் நாங்கள் செருப்பு, பூட்ஸ் எல்லாம் விடுகிறோம்.

“இங்க இருக்கட்டா கண்ணு?”

அவள் யோசித்தாள். நான் செருப்புகளை ஓரமாகத் தள்ளிவிட்டு அங்கே உட்கார்ந்தேன். அவள் போ என்று சொல்லவில்லை.